வாசலுக்கு வரவும்

"சத்தமா வாசிப்பியா, இல்ல மனசுக்குள்ளயே வாசிச்சுக்கிருவியா?"

சரசக்கா என்னிடம் இதைக் கேட்டது எங்கள் தெரு அடிபம்பில் வைத்து. அவள் பந்தல்குடி டூரிங் கொட்டகை முதலாளி தவசியின் அக்காள். புருசன் செத்து, பிறந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் கொட்டகையின் பெண்கள் வாசல் அவள் பொறுப்பு. டிக்கெட் கிழிப்பதும், திருட்டுத்தனமாக நுழைகிறவர்களைக் கருவக் குச்சியால் விரட்டுவதும் அவள்தான்.

நான் குடத்தைப் பார்த்துக்கொண்டே, "மனசுக்குள்ள" என்றேன்.

பொய் இல்லை. அருப்புக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்ப் படித்த காலத்தில், எழுந்து பாடம் வாசி என்றால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எழுத்தெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வாய் திறக்காது. டீச்சர் பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்துவார். வகுப்பே நிமிர்ந்து பார்க்கும். இன்னும் கொஞ்சம் அடைத்துக்கொள்ளும். ஒன்பதாவதில் தவறியதும் லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா, "பேசாத பிள்ளைக்கு எதுக்குப் பஸ்ஸு பாசு" என்று நிறுத்திவிட்டார். எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது.

சரசக்கா சிரித்தாள். "இந்தா ஜெபா, கொட்டகைக்குள்ள இருட்டு. ஒன் மூஞ்சிய ஒருத்தியும் பாக்க மாட்டா. அப்பச் சத்தம் வருமா?"

அப்படி ஒரு வழி இருப்பதை நான் யோசித்ததே இல்லை.

எண்பத்தாறாம் வருசம் மழை பொய்த்திருந்தது. பருத்தியும் கம்பும் போட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஆண்கள் திருப்பூருக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் கண்மாய்க்குள் வேலிக்கருவையை வெட்டி, மூட்டம் போட்டுக் கரி எடுத்தார்கள். அதிலும் பாதிக்கு மேல் பெண்கள்தான். ராத்திரி ஆட்டத்துக்குக் கொட்டகையில் ஆளே இல்லை. தவசி யோசித்தார். ஊரில் இருப்பது பெண்கள். பெண்கள் ராத்திரி வர மாட்டார்கள். பகலில், அதுவும் ஆண்கள் இல்லையென்றால் வருவார்கள். தை பிறந்ததும் வெள்ளிக்கிழமை தோறும் மத்தியானம் இரண்டு மணிக்குப் பெண்களுக்கு மட்டும் ஒரு ஆட்டம் என்று ஆரம்பித்தார். படமும் பெண்கள் கதையாகத்தான் இருக்கும். குதிரைவண்டியில் மைக்கைக் கட்டி எம்.ரெட்டியபட்டி வரைக்கும் சொல்லிவிட்டார். "வாரம் ஒரு பெண்ணின் கதை! தாய்மார்களே, முந்தானை நனைய அழுதுவிட்டுப் போங்கள்!"

டூரிங் கொட்டகை பகல் ஆட்டத்துக்கு ஆனதில்லை. பக்கங்களில் பாதிச் சுவர்தான். சாக்குகளைத் தைத்துப் படுதாவாகத் தொங்கவிட்டு வெளிச்சத்தை அடைத்தார்கள். காற்றும் சேர்ந்து அடைபட்டது. மேலே தகரம். உள்ளே இட்லிச் சட்டி மாதிரி வெந்தது. தகரத்தின் ஆணி ஓட்டைகள் வழியே வெயில் புள்ளி புள்ளியாக மணலில் விழும். படம் ஓட ஓட அந்தப் புள்ளிகள் நகர்ந்து ஆட்கள்மேல் ஏறும்.

இருந்தது ஒரே மிஷின். ஒரு ரீல் முடிந்து அடுத்த ரீலை மாட்டுவதற்குள் ஆட்கள் விசிலடிக்காமல் இருக்க, ஆபரேட்டர் இருளப்பசாமி சிலேடு போடுவார். ஜவுளிக்கடை, உரக்கடை, பல்பொடி. அதோடு ஆள் கூப்பிடும் சிலேடும் உண்டு. கண்ணாடித் துண்டை விளக்குப் புகையில் காட்டிக் கரியேற்றி, அதில் ஊசியால் கீறி எழுதுவார். திரையில் கறுப்புக்குள் வெள்ளை எழுத்தாக விழும்: 'இன்னார் உடனே வாசலுக்கு வரவும்.' மற்ற நாட்களில் தேடி வந்தவர்கள் உள்ளேயே வந்து பார்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை எந்த ஆணும் சரசக்காவின் குச்சியைத் தாண்ட முடியாது. ஆகவே உள்ளே இருக்கும் வீட்டுப் பெண்ணை வெளியே கூப்பிட அவர்களுக்கு இருந்த ஒரே வழி சிலேடுதான். இருளப்பசாமிக்கு ஒரு பீடிக்கட்டு கொடுத்தால் எழுதிவிடுவார்.

எழுதிப் போட்டால் வாசிக்க வேண்டுமே. தரையில் உட்கார்ந்திருந்தவர்களில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவர்கள் கொஞ்சம் பேர். அவர்களும் ஒரு வரியைக் கூட்டி முடிப்பதற்குள் அடுத்த ரீல் ஓட ஆரம்பித்துவிடும். அதற்குத்தான் நான்.

வேதக்காரர்களான எங்கள் வீட்டில் சினிமா பாவம். சினிமாப் பாட்டை முணுமுணுத்தால் அம்மா வாயிலேயே அடிப்பாள். ஆனால் வெள்ளிக்கிழமை அவளுக்கு உபவாச ஜெபம். உச்சிப்பொழுதில் வேதக்கோயிலில் முழங்கால் போட்டால் பொழுது சாயத்தான் எழுந்து வருவாள். அப்பா எப்போதும் ரோட்டில். அம்மா அங்கே கண்ணை மூடியிருந்த நேரத்தில் நான் இங்கே மணலில் உட்கார்ந்திருந்தேன்.

முதல் வாரம் முதல் சிலேடு விழுந்ததும் வாய் திறந்தேன். "வடக்குத் தெரு ராஜகுரு வீட்டார் உடனே வாசலுக்கு வரவும். மாமனார் வந்திருக்கிறார்." சத்தம் வந்தது. அது என் சத்தம்தானா என்று எனக்கே தெரியவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து ஒருத்தி பதில் சொன்னாள். "வந்தவர ஒக்காரச் சொல்லுத்தா! இங்க இவளுக்கு இப்பத்தான் தாலியே ஏறியிருக்கு!"

கொட்டகை முழுக்கச் சிரித்தது. அது மாயக்காள். கரிமூட்டத்தில் வேலை செய்கிறவள். குளித்துவிட்டு வந்தாலும் நகக்கண்ணில் கரி இருக்கும். அதன்பிறகு எந்தச் சிலேடு விழுந்தாலும் நான் வாசிப்பேன், அவள் பதில் சொல்லுவாள். பசுமாடு கன்று போட்டிருக்கிறது என்று வந்தால், "போட்டதுக்குப் பெறகு நாம போயி என்னத்தப் பிடிச்சு இழுக்க?" என்பாள். பிள்ளை அழுகிறது என்று வந்தால் மட்டும் கேலி பண்ண மாட்டாள். "யாரு பிள்ளைன்னு பாத்துப் போங்கடி" என்பாள். யாராவது ஒருத்தி சேலையை உதறிக்கொண்டு எழுந்து போவாள்.

படங்கள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. ஒருத்தி கல்யாணமாகி வருவாள். மாமியார் கரண்டியைச் சூடு பண்ணுவாள். புருசன் குடிப்பான், அல்லது வேறொருத்தி வீட்டில் கிடப்பான். இவள் சாமி படத்துக்கு முன்னால் பாடுவாள். கடைசி ரீலில் அவன் அழுதுகொண்டே வந்து நிற்பான். பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். மாயக்காளும் சிந்துவாள். சிந்திக்கொண்டே சொல்லுவாள்: "இவன் பதினாலு ரீலுல திருந்திட்டான். எங்க வீட்டுல பதினாலு வருசமாச்சு, இன்னும் எடவேளையே வரல."

மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, படம் ஆரம்பித்த பிறகு ஒருத்தி வந்து, பின்னால் தூணோரம் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல சேலை, காதில் கல்தோடு. காடு கரை உள்ள வீட்டுப் பெண் என்று பார்த்ததும் தெரிந்தது. இருபத்திரண்டு வயது இருக்கலாம். திரையைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் மணலைக் கூட்டித் தலைக்கு மேடு பண்ணினாள்.

"பாப்பா, நீதான வாசிக்கிற புள்ள?"

தலையை ஆட்டினேன்.

"எம்பேரு ஈஸ்வரி. எம்.ரெட்டியபட்டி. எம்பேரப் போட்டாகன்னா எழுப்பி விடு, என்ன?"

அவ்வளவுதான். படுத்தவள் தூங்கிவிட்டாள். திரையில் கத்துகிறார்கள், அடிக்கிறார்கள், சுற்றி எல்லாரும் அழுகிறார்கள். அவள் வாயைத் திறந்தபடி தூங்கினாள். நான் அப்படி ஒரு தூக்கத்தைப் பார்த்ததில்லை. ஒரு வெயில் புள்ளி நகர்ந்து வந்து அவள் கண்ணிமை மேல் ஏறியது. அப்போதும் அசையவில்லை. நான் உள்ளங்கையைக் குவித்து மறைத்துக்கொண்டேன். புள்ளி நகர்ந்து போகிறவரைக்கும் வைத்திருந்தேன்.

படம் முடிந்ததும் எழுப்பினேன். திடுக்கிட்டுக் கையை முகத்துக்குக் குறுக்கே வைத்தாள். நான்தான் என்று தெரிந்ததும் இறக்கினாள்.

"என்ன கதை?" என்று கேட்டாள். "சுருக்கமாச் சொல்லு. அவுக கேப்பாக."

சொன்னேன். அடுத்த வாரமும் அப்படித்தான். வந்தாள், தூங்கினாள், எழுந்து கதை கேட்டாள். நான் ஒரு ஆளோடு தொடர்ந்து பேசியது அந்த நேரத்தில்தான். யார் யாரை அடித்தார்கள், எந்த இடத்தில் பாட்டு, கடைசியில் எப்படி மனந்திரும்பினான் என்று வரிசையாகச் சொல்லுவேன். அவள் உதட்டை அசைத்து மனப்பாடம் பண்ணிக்கொள்வாள்.

"ஒரு சீன் விடாமக் கேப்பாகளாக்கா?"

"ஒரு சீன் விடாம."

அவள் சொன்னதெல்லாம் துண்டு துண்டாகத்தான். புருசன் பெயர் பாண்டீஸ்வரன். குடிக்க மாட்டான். பீடி, சீட்டு எதுவும் இல்லை. ஊரில் தங்கமான பிள்ளை என்று பெயர். பொழுது அடைந்து படுத்ததும் அவனுக்குக் கேள்வி ஆரம்பிக்கும். இன்றைக்குக் கிணற்றில் யார் நின்றது? அவன் உன்னைப் பார்த்தானா? நீ பார்க்காமல் அவன் பார்த்தது உனக்கு எப்படித் தெரியும்? அவள் கண்ணயர்ந்தால் செம்புத் தண்ணீரை முகத்தில் ஊற்றுவான். பதில் மாறினால் அடிப்பான். சட்டைக்குள் மறைகிற இடமாகப் பார்த்து அடிப்பான். கோழி கூப்பிட்டதும் அவன் தூங்கப் போவான். அவள் மாட்டுக்குக் கூளம் போடப் போக வேண்டும். இரண்டு தடவை பிறந்த வீட்டுக்குப் போனாள். இரண்டு தடவையும் அப்பாவே கூட்டிக்கொண்டு வந்து விட்டார். "குடிக்காத மாப்பிள்ளைய நான் என்னன்னு பேசி அனுப்ப?" என்றாராம்.

ஆண் வாடை இல்லாத இடம் என்பதால்தான் கொட்டகைக்கு விட்டான். மூன்று வயது மகன் சோலையை மட்டும் அவளோடு அனுப்ப மாட்டார்கள். "பிள்ளைய இங்க விட்டுட்டுப் போ. அப்பத்தான் ஒனக்கு வீட்டு நெனப்பு இருக்கும்" என்பாளாம் மாமியார்.

"அப்ப நீங்க ஒறங்குறது இங்க மட்டுந்தானாக்கா?"

"இங்கதான் ஆத்தா. வேற எங்க?"

நான்காவது வெள்ளிக்கிழமை அவள் படம் ஆரம்பிப்பதற்கு முன்பே வந்துவிட்டாள். மணலைக் கூட்டவில்லை. முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பங்குனி வெயில். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, மூச்சு வாங்கியது. இடுப்புப் பக்கம் பெருத்துத் தெரிந்தது. பச்சைச் சேலையின் கரைக்குக் கீழே இன்னொரு சேலையின் ஊதாக் கரை எட்டிப் பார்த்தது.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள். பச்சைக் கரையை இழுத்து விட்டாள்.

"பையி தூக்கிட்டு வந்தா கேப்பாகள்ல" என்றாள் மெதுவாக. "அதான் ஒன்னு மேல ஒன்னா சுத்திட்டேன்."

அவளுடைய அக்காள் சந்தனம்மாள் தூத்துக்குடியில் உப்பளத்தில் வேலை பார்த்தாள். மாமன் செத்த வீட்டுக்கு வந்தபோது சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்: வந்துவிடு, ஆனால் தனியாக வா. ஆண் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அன்றைக்கே லாரி பிடித்து வந்து இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போவார்கள். நீ முதலில் வந்து காலூன்று. பிறகு பெரிய ஆட்களை வைத்துப் பேசிப் பிள்ளையைக் கேட்போம்.

இடைவேளையில் பெண்கள் கொட்டகைக்குப் பின்னால் கருவமரத்துப் பக்கம் ஒதுங்கப் போவார்கள். வேலியில் அங்கே ஒரு சந்து உண்டு. அதன் வழியே போனால் தூத்துக்குடி ரோடு. நாலு மணி பஸ்ஸு கை காட்டினால் நிற்கும். மூன்று வாரமாக இடைவேளைக்கு எழுப்பச் சொல்லலாம் என்று நினைத்து, சொல்லாமலேயே தூங்கிவிட்டாளாம்.

"இன்னைக்குப் போயிருவேன்" என்றாள். "ஒனக்கு மட்டுந்தான் தெரியும். யாரு கேட்டாலும் ஒதுங்கப் போனான்னு சொல்லு."

"பிள்ள?"

விளக்கை அணைத்தார்கள். படம் ஓடியது. அன்றைக்குத்தான் அவள் முதல் முறையாகத் திரையைப் பார்த்தாள். பார்த்தாளே தவிர, எதுவும் கண்ணில் ஏறியதாகத் தெரியவில்லை.

இடைவேளைக்கு இன்னும் ஒரு ரீல் இருந்தது. திரை வெள்ளையானது. முதலில் உரக்கடை. அடுத்து விழுந்த சிலேட்டில் இருளப்பசாமியின் கோணல் எழுத்து: 'எம்.ரெட்டியபட்டி ஈஸ்வரி. மகன் சோலைக்குக் கடும் காய்ச்சல். உடனே வாசலுக்கு வரவும்.'

எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. பெஞ்சு மேல் நின்ற அதே அடைப்பு.

"என்ன பாப்பா, வாயில கொழுக்கட்டையா?" மாயக்காள் முன்னாலிருந்து கேட்டாள். "வாசி, ரீலு வந்துரப் போகுது."

ஈஸ்வரி என் முகத்தைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். திரும்ப என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தெரிந்துவிட்டது. "எம்பேரா?" என்றாள்.

அதற்குள் முன்வரிசையில் ஒருத்தி எழுத்துக் கூட்டிக் கத்தினாள். "ஈஸ்... ஈஸ்வரி. சோலைக்குக் காச்சலு!"

"யாருடி அது ரெட்டியபட்டி ஈஸ்வரி?" மாயக்காளின் குரல். சிரிப்பில்லை. "ஏத்தா, இருக்கியா? பிள்ளைக்கு முடியலையாம்டி. எந்திரிச்சுப் போ."

யாரும் எழவில்லை.

"கல்லு மாதிரி உக்காந்திருக்கா பாரு. அப்படி என்னடி படம் வேண்டிக் கெடக்கு?" என்றாள் இன்னொருத்தி. "சிலதுகளுக்கு மனசே கெடையாது."

ரீல் ஓட ஆரம்பித்தது. ஈஸ்வரி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது.

"நெசமா இருக்குமா, பாப்பா?"

"தெரியலக்கா."

"காலையில நல்லாத்தான் இருந்தான். கஞ்சி குடிச்சான். நீ போயிப் பாரு. பிள்ளையத் தொட்டுப் பாத்துட்டு வா. நெசந்தான்னா நான் போயிருவேன். பொய்யின்னா..."

நான் எழுந்து போனேன். படுதாவை விலக்கினால் கண் கூசியது. சரசக்கா குச்சியை மடியில் வைத்துக்கொண்டு தட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே வெயிலில் ஒருவன் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றான். வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. கையில் பிள்ளை. பிள்ளை ஒரு காகிதப் பொட்டலத்திலிருந்து பொரிகடலையை எடுத்துத் தின்றுகொண்டிருந்தான்.

"நல்லாக் கேளு ஜெபா" என்றாள் சரசக்கா. "காச்சக்காரப் பிள்ளையாம். கால்ப்படி கடலைய முடிச்சிட்டான்."

"காச்ச விட்டுருச்சுக்கா" என்றான் அவன். குரல் மரியாதையாக இருந்தது. "சிலேடு எழுதுறப்ப இருந்துச்சு." என் பக்கம் திரும்பினான். "நீதான அவளுக்குக் கதை சொல்ற புள்ள?"

நான் படுதாப் பக்கம் ஒரு அடி பின்வாங்கினேன்.

"ஜெபாவா? வேதக்கார வீட்டுப் புள்ளையா? நான் நெனச்சது சரிதான். அவ கதை சொல்றப்ப, 'கடைசியில மனந்திரும்பிட்டான்'னு சொல்றா. எங்க ஊருல திருந்திட்டான்னுதான் சொல்லுவோம். படத்துல அந்த வார்த்தை இல்லவே இல்ல. அதே படத்த நான் ராத்திரி ஆட்டத்துல பாத்தேன்ல." சிரித்தான். "அப்ப உள்ள அவ என்ன செய்யிறா? படம் பாக்கலையே?"

பிள்ளையின் காலைத் தொட்டேன். குளிர்ந்திருந்தது.

"கொடியில கெடந்த ஊதாச் சீலையக் காணோம்னு எங்காத்தா சொல்லுது. காத்துல எதுவும் பறந்துருச்சான்னு கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்." கையை உதறிக்கொண்டான். "இவனத் தூக்கித் தூக்கிக் கை கடுக்குது."

பிள்ளையை இறக்கி விட்டான். காலில் செருப்பில்லை. தரை கொதித்தது. பிள்ளை ஒரு காலை மாற்றி ஒரு காலாகத் தூக்கினான். அப்பனின் செருப்பு மேல் ஏறி நிற்கப் பார்த்தான். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"பிள்ளைய நெழலுக்கு விடுங்கய்யா!" சரசக்கா எழுந்து வந்து பிள்ளையின் தோளைப் பிடித்து இழுத்தாள். அவன் பிள்ளையின் கையை விடவில்லை.

"ஆம்பளப் பிள்ளைதானக்கா. நிக்கட்டும். அவ வந்து தூக்கிக்கிருவா." பிறகு என்னிடம் சொன்னான்: "பிள்ளைக்கு ஒன்னுமில்லன்னே சொல்லு. பொய் சொல்ல வேணாம். படம் முடிஞ்சே வரட்டும், அவசரம் இல்ல. நாங்க ரெண்டு பேரும் இங்கயேதான் நிப்போம்னு சொல்லு."

நான் உடனே உள்ளே போகவில்லை. கொட்டகையைச் சுற்றிப் பின்பக்கம் ஓடினேன். கருவமரத்தடியில் யாரும் இல்லை. வேலிச் சந்து திறந்து கிடந்தது. அந்தப் பக்கம் ரோட்டில் ஒரு லாரி போனது. ரெட்டியபட்டி ஆட்கள் ஒருவரும் இல்லை. நன்றாகப் பார்த்துவிட்டு, பின்பக்கப் படுதா வழியாகவே உள்ளே வந்தேன்.

திரையில் கதாநாயகி பாடிக்கொண்டிருந்தாள். ஈஸ்வரி நான் போனபோது இருந்தது போலவே உட்கார்ந்திருந்தாள். அவள் காதில் சொன்னேன். காய்ச்சல் இல்லை. தொட்டுப் பார்த்தேன், பச்சைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. கடலை தின்கிறான். அவர் உங்களைக் கூப்பிடத்தான் அப்படி எழுதியிருக்கிறார். சேலை காணோம் என்பது தெரிந்துவிட்டது. ஆனால் பின்னால் யாரும் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். சந்து திறந்திருக்கிறது. பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் வாழ்க்கையில் அத்தனை வார்த்தைகள் ஒரே சமயத்தில் வந்ததில்லை.

அவள் மூச்சை விட்டாள். பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள். கால்களை மடித்து, சேலைக் கொசுவத்தைச் சரிபண்ணினாள். பின்பக்கப் படுதாவைத் திரும்பிப் பார்த்தாள். போகப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"அழுதானா?"

"இல்லக்கா."

"சட்ட போட்டுருந்தானா?"

"ஆமக்கா. கோடு போட்ட சட்ட."

"செருப்பு?"

நான் திரையைப் பார்த்தேன்.

"செருப்பு போட்டுருந்தானா, பாப்பா?"

"இல்லக்கா."

"தூக்கி வச்சிருந்தாகள்ல?"

"மொதல்ல தூக்கித்தான் வச்சிருந்தாரு."

"இப்ப?"

"எறக்கி விட்டாரு."

"நெழல்லயா?"

திரையில் பாட்டு முடிந்து யாரோ கதவைத் தட்டினார்கள். கதாநாயகி திறக்க ஓடினாள். ஈஸ்வரி என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. தூங்காத முகம்.

"வெயில்லக்கா" என்றேன்.

தூரத்தில் ரோட்டில் ஒரு ஹாரன் கேட்டது. பஸ்ஸா, லாரியா தெரியவில்லை. நான் அவள் முழங்கையைத் தொட்டுப் பின்பக்கத்தைக் காட்டினேன்.

அவள் எழுந்தாள். புரொஜக்டர் வெளிச்சத்தில் அவள் நிழல் திரையில் பெரிதாக விழுந்து, கதாநாயகியின் முகத்தை மறைத்தது.

"ஏய், யாருடி அது மறைக்கிறது? குனிஞ்சு போடி!" என்று மாயக்காள் கத்தினாள்.

அவள் குனியவில்லை. மணலில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு நடுவே கால் வைத்து நடந்தாள். இரண்டு சேலையும் காலில் தடுக்க, ஒரு கையால் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள். முன்வாசல் படுதாவை விலக்கினாள். வெயில் ஒரு பாளமாக உள்ளே விழுந்து, திரையில் படம் வெளிறிப் போனது. "மூடு, மூடு" என்று நாலா பக்கமும் சத்தம் போட்டார்கள். நான் எழுந்து நின்றேன். அவள் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. வெளியே போனாள். படுதா மூடிக்கொண்டது.